கருந்தேளுக்குக் கைதட்டாதீர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அப்பா எப்போதும் போல. உங்கள் இடது முட்டி எப்படி இருக்கிறது? போன வாரம் டிவியில் உங்களைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்தபோது நான் முதலில் பார்த்தது அந்த முட்டியைத்தான். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன், அந்த "ம்"முக்கு ஒரு போனா என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பேனே, கடைசியில் போவதையே நிறுத்தினேனே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. துணி தேய்க்கிற ரோலர் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரையும் பேசச் சொல்வதில்லை. ஈரப் போர்வையை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் அட்டை மாதிரி விறைப்பாக வருகிறது. இரண்டு பேர் முனைகளைப் பிடித்து மடிக்க வேண்டும். மூலைகள் சேர்ந்தால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை.

டீ நேரத்தில் மட்டும் கூடம் இரண்டுபடும். எல்லாம் உங்கள் மல்யுத்தத்தால்தான். தேய்ப்பு மேசைக்குத் தலைவி பெரியக்கா. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி கொண்டுவருகிறவர் தள்ளுவண்டி அண்ணன். இருவரும் டிவியில் சனிக்கிழமைப் போட்டியை விடவே மாட்டார்கள், அதில் யார் ஸ்டார் என்பதுதான் சண்டை.

"ஸ்டார்னா உடம்புதான்யா. தங்கமலை தோளப் பாத்தியா? ரெண்டு பேர் உக்காந்து டீ குடிக்கலாம்" என்கிறார் பெரியக்கா.

"உடம்புதான்னா நம்ம பாய்லர்தான் பெரிய ஸ்டார். சாம்பியன் பெல்ட் யார் இடுப்புல இருக்கோ அவன்தான் ஸ்டார்."

"பெல்ட் போயிட்டா?"

"ஸ்டாரும் போச்சு."

"அப்ப உன் பொண்டாட்டி ஊருக்குப் போனா நீ பிரம்மச்சாரியா?"

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் உங்கள் பேச்சு வந்தது. "அந்தக் கருந்தேள் ஒருத்தன் இருக்கானே, தேளா அது? கரப்பான்!" என்றார் பெரியக்கா. கருந்தேள் என் சித்தப்பா என்று நான் சொல்லவில்லை. கையிலிருந்த தலையணை உறையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

நீங்கள் சொல்லுங்கள் சித்தப்பா. யார்தான் ஸ்டார்?

முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்

*

பிப்ரவரி 20

என் அருமைப் பாப்பாவுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். முட்டி மட்டும் மழைக்கு முன்னால் சேதி சொல்கிறது. அண்ணிக்கு இருமல் நின்றது சந்தோஷம். அண்ணன் இன்னும் என் பேரைக் கேட்டால் செய்தித்தாளை உயர்த்திக்கொள்கிறாரா?

கரப்பான் என்றார்களா! அந்தப் பெரியக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். வேண்டாம், சொல்லாதே. டீயை ஆறவிட்டு ஒருத்தி என்னைத் திட்டுகிறாள் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? நம் வேலை அப்படி. தங்கமலை வந்தால் ஜனம் எழுந்து நிற்க வேண்டும். நான் வந்தால் செருப்பைத் தேட வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு, கேள். ரிங்கில் நல்லவர் வேஷம் போடுகிறவர்களுக்கு ஒரு வண்டி, கெட்டவர் வேஷக்காரர்களுக்கு ஒரு வண்டி. ஒரே கடையில் சேர்ந்து சாப்பிடக் கூடாது. தெருவில் எதிரே பார்த்தால் முறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிஜ முகம் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. போன மாதம் தங்கமலைக்குப் பல்வலி. மலை போன்ற ஆள், தாடையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறான். அரங்கத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டி மறைவில் நின்று அவனுக்கு மாத்திரை கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ரசிகன் வந்துவிட்டான். வேறு வழி? தங்கமலையின் கழுத்தைப் பிடித்தேன். "விடுண்ணே, பல்லு, பல்லு" என்று அவன் காதுக்குள் கெஞ்சுகிறான்.

யார் ஸ்டார் என்று எனக்கும் தெரியாது. தெரிந்தால் இத்தனை வருஷமாக இரண்டாவது போட்டியில் உதை வாங்கிக்கொண்டிருப்பேனா? ஆனால் ஒரு சேதி. இந்த சீசன் முடிவில் தங்கமலையோடு மோத ஒரு கெட்டவனை முதலாளி தேர்ந்தெடுக்கப் போகிறார். ஒவ்வொரு ஊரிலும் ஜனம் காத்திருந்து பார்க்கிற கடைசிப் போட்டி, பெரிய போஸ்டர், வருஷம் முழுக்க. ஒன்று நான், இல்லையென்றால் பச்சோந்தி என்று புதிதாக வந்திருக்கும் பையன். எனக்கு வந்தால் கொடி பறக்கும். வராவிட்டால் இந்த முட்டியை வைத்துக்கொண்டு ரிங் பலகை ஏற்றும் லாரிதான் ஓட்ட வேண்டும். அதுவரை எங்கள் இருவரையும் மாறி மாறித் தங்கமலையோடு மோதவிட்டு, முதலாளி ஜனத்தின் சத்தத்தைத்தான் பார்ப்பார்.

ஏப்ரலில் உங்கள் ஊருக்கு வருகிறோம். நன்றாகச் சாப்பிடு. நீராவிப் பக்கம் கவனமாக நில்.

சித்தப்பா

*

மார்ச் 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். பல்வலி சேதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா செய்தித்தாளை உயர்த்திக்கொண்டுதான் இருந்தார், ஆனால் தாள் குலுங்கியது.

ஒரு விஷயம் நடந்துவிட்டது. நானே இன்னும் நம்பவில்லை.

சனிக்கிழமை நீங்கள் அந்தச் சின்னப் பையன் கையிலிருந்த கொடியைப் பிடுங்கி முறித்தீர்கள் இல்லையா? டிவியைப் பார்த்துப் பெரியக்கா, "இவனெல்லாம் வீட்டுல யாருக்காவது ஒரு நல்லது பண்ணியிருப்பானா?" என்றார்.

"பண்ணியிருக்கார்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான்தான் பேசியிருக்கிறேன். தள்ளுவண்டி அண்ணன், "ஏம்மா, உனக்குப் பேச்சு வருமா?" என்றார். அவர் டீ அவர் சட்டையிலேயே கொட்டியிருந்தது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை சித்தப்பா. கருந்தேள் என் சித்தப்பா என்றேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது நீங்கள்தான் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினீர்கள் என்றேன். ஒரு ஜடை காதுக்குப் பக்கத்தில், ஒரு ஜடை பிடரியில் என்றேன். சோகப் படம் பார்த்தால் முதலில் அழுகிறவர் நீங்கள் என்றேன். மறுநாள் அந்தப் போட்டோவையும் கொண்டுபோனேன். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, நாக்கு வெளியே தெரிய, நீங்கள் எனக்குத் தலை பின்னுகிற போட்டோ.

"அட தங்கமே! இந்த மூஞ்சியவா நான் கரப்பான்னு சொன்னேன்!" என்று பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ அலமாரிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டி அண்ணன் ஒரு நாள் இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தார்.

கட்டுப்பாடு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது வண்டியில் போகிறவர்களுக்குத்தானே?

இப்போது எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். நானும் பேசுகிறேன்.

அன்புடன், உங்கள் அண்ணன் மகள்

*

ஏப்ரல் 22

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஊர் ஊராகப் போகிறபோது நேரம் இருக்காது. இங்கே எல்லோருக்கும் சுகம்.

நீங்கள் வந்த அன்று எனக்கு மாலை ஷிப்ட். கெஞ்சியும் விடவில்லை. ஆனால் நம் கூடத்து ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாள் பெரியக்கா தொண்டை கட்டிப்போய் வந்தார். "உன் சித்தப்பா உள்ள வந்ததும் நாங்க எழுந்து நின்னு கைதட்டினோம் பாரு! முதல்ல மத்தவங்க முழிச்சாங்க. அப்புறம் அரங்கமே தட்டுச்சு. 'ஜடை பின்னு, ஜடை பின்னு'ன்னு ஒரே கோஷம்! மனுஷன் அப்படியே திகைச்சு நின்னுட்டாரு" என்றார்.

அதைவிடப் பெரிய சேதி! தள்ளுவண்டி அண்ணன் அந்தப் போட்டோவை மல்யுத்த ரசிகர் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். பின்னட்டை முழுக்க நீங்கள்தான். 'கருந்தேளின் கனிந்த மனசு' என்று தலைப்பு. எல்லா ஊரிலும் பார்ப்பார்கள்! சத்தத்தைத்தான் முதலாளி பார்ப்பார் என்று எழுதியிருந்தீர்களே, இனி சத்தத்துக்குக் குறைவே இல்லை.

ஆனால் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா சமைத்துவைத்துக் காத்திருந்தார். அப்பாகூட வாசலுக்கு இரண்டு தடவை போய் வந்தார், பூட்டைப் பார்க்கப் போனேன் என்றார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உங்கள் அண்ணன் மகள்

*

மே 9

பாப்பாவுக்கு,

சுகம். முட்டி பரவாயில்லை. வீட்டுக்கு வர முடியாமல் போனதற்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வண்டி சீக்கிரம் கிளம்பிவிட்டது.

பத்திரிகை பார்த்தேன். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது.

நீ கூடத்தில் பேசுகிறாய் என்று எழுதியிருந்தாய். தொடர்ந்து பேசு. அதை மட்டும் விட்டுவிடாதே.

வேறு விசேஷம் இல்லை.

சித்தப்பா

*

மே 24

பாப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் சித்தப்பா உன்னை அப்படித்தான் சொல்வார், வேறு பெயர் எனக்குத் தெரியாது. நான் தங்கமலை. ஆமாம், அந்தத் தங்கமலைதான். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எனக்குப் பல் சரியாகிவிட்டது.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எங்கள் அண்ணன், உன் சித்தப்பா, உன்னிடம் சொல்லவே மாட்டார், அதனால் எழுதுகிறேன். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் ஊரில் ஆரம்பித்தது, இப்போது போகிற ஊரெல்லாம் அதேதான். அண்ணன் கொடியை முறித்தால் ஜனம் சிரிக்கிறது. என் கண்ணில் பொடி தூவினால், "பாவம், வீட்டு ஞாபகம் போல" என்கிறார்கள். நேற்று ஒரு பெண்மணி அவருக்குச் சீப்பு வீசினார். நான் அவரை அடித்தால் என்னைத் திட்டுகிறார்கள்! என்னை! "நல்ல மனுஷன ஏன்டா போட்டு அடிக்கிற?" என்று. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

முதலாளி நேராகவே சொல்லிவிட்டார். "யாரும் வெறுக்காத கெட்டவன் எனக்கு எதுக்கு? சீசன் கடைசி ஆட்டத்துலயும் கைதட்டு விழுந்தா நீ லாரிய எடுத்துக்க. பச்சோந்தி மேல வரட்டும்." கடைசி ஆட்டம் ஆகஸ்டில், மறுபடி உங்கள் ஊரில்தான்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று, குப்பைத் தொட்டிப் பக்கம் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். "போச்சுடா தம்பி, என் பொழப்பு போச்சு" என்றார். அடுத்த நிமிஷமே, "ஆனா பாப்பா பேசிட்டாடா!" என்று என் தோளில் குத்தினார். ரிங்கில்கூட அவ்வளவு பலமாகக் குத்தியதில்லை. உன்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுத அவருக்குக் கை வரவில்லை.

எல்லோரும் என்னை ஸ்டார் என்கிறார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்து ஜனம் பல்லைக் கடிக்கும் வரைக்கும்தான் நான் ஸ்டார். அவர் இல்லாவிட்டால் நான் சட்டை போடாத ஒரு பெரிய ஆள், அவ்வளவுதான்.

ஏதாவது செய்ய முடியுமா, பாப்பா?

தங்கமலை

*

ஜூன் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே உடம்பெல்லாம் சுகம், மனசு மட்டும் இல்லை. தங்கமலை எனக்கு எழுதினார். சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன். பேச ஆரம்பித்த பிறகு எதையும் அடக்க முடியவில்லை, அதுதான் என் கோளாறு.

உங்கள் சாப்பாட்டில் மண்ணைப் போட்டுவிட்டு, ருசி எப்படி என்று நானே கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சரி, அழுதது போதும் என்று மறுநாளே பெரியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயையோ! கைதட்டினது தப்பா? இனிமே ஊளை விடுறோம்" என்று உடனே கிளம்பிவிட்டார். டீ நேரத்தில் ஒத்திகை வைத்தோம். தள்ளுவண்டி அண்ணன் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கருந்தேளாக நடந்து வந்தார். "கெட்டவனே" என்றார் பெரியக்கா, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். "அடப் பாவி" என்றார் இன்னொருவர், உடனே "பாவம்யா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஏன்க்கா, தங்கமலை ரசிகைதானே நீங்க? கொஞ்சம் கோபமா சொல்லுங்களேன்" என்றேன்.

"வரமாட்டேங்குதே! அந்தச் சீப்பு ஞாபகம் வந்துருதே!"

நான் உலர்த்தும் அறைக்குள் போய், எல்லா இயந்திரமும் ஓடும்போது ஊளையிட்டுப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

ஆனாலும் ஆகஸ்டில் வருவேன். இப்போதே லீவு சொல்லிவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து உங்களைத் திட்டுவேன். நீங்கள் லாரி ஓட்டக் கூடாது.

உங்கள் அண்ணன் மகள்

*

ஜூன் 27

என் அருமைப் பாப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்கிறது. "அடப் பாவி, பாவம்யா"வைத் தங்கமலைக்குச் சொன்னேன். அவன் சிரித்த சத்தத்தில் இரண்டு வண்டி ஆட்களும் எட்டிப் பார்த்துவிட்டார்கள், மறுபடி கழுத்தைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

நீ ஒன்றும் கெடுக்கவில்லை. மண்ணும் இல்லை, சோறும் இல்லை. ஒரு போட்டோவுக்குக் கரைந்துபோகிற வெறுப்பென்றால் நான் இத்தனை வருஷம் கடை பரப்பியது என்ன சரக்கு? அது என் பாடு. உங்கள் ஊளை எனக்கு வேண்டாம். சொல்லிக்கொடுத்து வருகிற கோபம் முதலாளி காதில் ஒரு நிமிஷம் நிற்காது, அவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

ஆகஸ்டில் வா. ஆனால் சித்தப்பாவைப் பார்க்க வருவதாக நினைத்துக்கொண்டு வராதே. கருந்தேளைப் பார்க்க வா. நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே. எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு வரப் பார். அண்ணிக்கு என் அன்பு.

சித்தப்பா

*

ஆகஸ்ட் 14

என் பாப்பாவுக்கு,

ஆட்டம் முடிந்த இரவே எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். இன்று எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா?

நான் உள்ளே வந்தபோது அரங்கம் முழுக்கக் கைதட்டல். "ஜடை பின்னு, ஜடை பின்னு" கோஷம். மூலையில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சரி, இது முடிந்தது என்றே நினைத்தேன். அதனால் சிரித்தேன். ரிங்குக்குள் நான் சிரித்ததே இல்லை. கையை விரித்துக் குனிந்து வணங்கினேன். ஜனம் உருகிவிட்டது.

அப்போது உங்கள் பெரியக்கா தடுப்புக்குப் பக்கத்தில் வந்து ஒரு துண்டை நீட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் கறுப்பு நூலில் ஒரு தேள். திட்டத்தான் வாய் வரவில்லை, கடைசி ஆட்டமாகிவிட்டால் இதையாவது வைத்துக்கொள்ளுங்கள், சலவைக்கூடமே சேர்ந்து தைத்தது என்றார்கள். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. வாங்கி முகத்தைத் துடைத்தேன். நெஞ்சில் வைத்துக்கொண்டேன். கூரை பெயர்ந்துவிடும் போலக் கைதட்டல்.

அந்த ஒரு நொடியில்தான் தோன்றியது, பாப்பா. அதற்கு முன்னால் தோன்றவில்லை, சத்தியம்.

துண்டைக் கீழே போட்டேன். அதன் மேல் ஏறி நின்று பூட்ஸைத் துடைத்தேன். வலது கால், அப்புறம் இடது கால். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மைக்கை வாங்கி, "வெளுக்கவே இல்ல. போய் நல்லாத் துவைச்சுட்டு வாங்க" என்று பெரியக்காவின் காலடியில் வீசினேன்.

கைதட்டல் அறுந்தது. அப்புறம் ஒரே ஒரு குரல். யாருடையது என்று எனக்குத் தெரியும், நீ எழுந்து நின்றிருந்தாய். என்ன சொன்னாய்? மைக் இரைந்ததில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. கூரையே ஊளையிட்டது. பழைய செருப்பு, புதுச் செருப்பு, ஒரு கைப்பை. தங்கமலை என்னைத் தூக்கி எறிந்தபோது ஜனம் நாற்காலி மேல் ஏறி நின்றது. அவன் என் மேல் படுத்துக்கொண்டு காதில் சொன்னான்: "அண்ணே, ஜெயிச்சுட்டோம். எழுந்திரிக்காதீங்க, கொன்னுடுவாங்க."

முதலாளி ஒரு வார்த்தைதான் சொன்னார். "போஸ்டருக்கு போட்டோ எடுத்துக்க."

எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் நான் வெளியே போகும்போது உன் முகத்தைப் பார்த்தேன். அது நடிப்பா, பாப்பா? நடிப்பென்றால் ஒரு வரி எழுது. நிஜமென்றாலும் எழுது.

சித்தப்பா

*

ஆகஸ்ட் 31

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

போஸ்டர் அச்சாகிவிட்டது. தங்கமலை ஒரு பாதி, நான் ஒரு பாதி. ஒன்று அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப்போடு. துண்டு தைத்த கைகளிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினால் பெரியக்கா மறுபடி கைதட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் உன்னிடம் மட்டும் கேட்கிறேன்.

தங்கமலையும் விசாரித்தான்.

சித்தப்பா

*

செப்டம்பர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். போஸ்டர் வந்தது. கிழிக்கவில்லை. உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை, உடம்பும் இல்லை. கோபம்.

நிஜம்தான் சித்தப்பா. நடிப்பு இல்லை.

நான் திட்டத்தோடுதான் வந்தேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதியும், முன்வரிசையில் உட்கார்ந்து ஊளை விடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் நீங்கள் உள்ளே வந்து எல்லோரும் கைதட்டியபோது மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்து மரம் ஆகிவிட்டேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போச்சு, லாரிதான் என்று நினைத்தேன்.

அந்தத் துண்டைத் தேய்த்தது நான். அன்று காலையில்தான் தேய்த்தேன். தேளின் கொடுக்கு சுருங்கக் கூடாது என்று இஸ்திரிப் பெட்டியின் முனையால் மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பெரியக்கா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "பரவால்லடி, உனக்குக் கை வந்துருச்சு" என்றார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் அதன் மேல் ஏறி நின்றீர்கள். இது சித்தப்பா, இது வேலைக்காகச் செய்கிறார் என்று எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அங்கே இருந்த எல்லோரிலும் எனக்குத்தான் தெரியும். வரவே இல்லை. வெளுக்கவில்லை என்று சொன்னதும், நாற்காலி பின்னால் விழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள். "டேய்! எடுடா அத!" என்றேன்.

அவ்வளவுதான். சித்தப்பாவை, அப்பாவின் கூடப்பிறந்த தம்பியை, ஊர் ஜனத்துக்கு முன்னால் 'டேய்' என்றேன். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். இப்போது அடி விழும் என்று திரும்பிப் பார்த்தால், அவரும் எழுந்து நின்று, செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "எடுடான்னு புள்ள சொல்லுதில்ல!" என்று கத்துகிறார். அப்புறம் யார் என்ன கத்தினார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குக் கோபம் தணியவில்லை. உங்கள் வேலை நிலைத்துவிட்டது என்று அம்மா சொன்னபோது சந்தோஷமாகவும் இருந்தது, ஆனால் உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்தால் அந்தப் பூட்ஸ் கண்ணில் வந்தது. வைத்துவிடுவேன்.

போன சனிக்கிழமை நீங்கள் முதல் தடவையாகக் கடைசிப் போட்டியில் மோதியதை டிவியில் போட்டார்கள். டீ அறையில் நிற்க இடமில்லை. சமையல்கட்டு ஆட்கள், ரத்தப் பரிசோதனைக்காரர், ஒரு டாக்டர்கூட வாசலில் நின்றார். நீங்கள் தலையைக் காட்டியதும் பெரியக்கா ஆரம்பித்தார். அந்த வசவை எல்லாம் எழுத முடியாது. நடுவில் என்னைப் பார்த்து, "உன் சித்தப்பன் வீட்டுக்கு வந்தா சோத்துல உப்ப அள்ளிப் போடு!" என்றார்.

"அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் சொல்லிட்டீங்களாமே அக்கா?" என்றார் தள்ளுவண்டி அண்ணன்.

"பின்ன? அவன் உதை வாங்குறத நேர்ல பாக்காம எனக்குத் தூக்கம் வருமா? என் தங்கச்சி, அவ மாமியா, எல்லாத்துக்கும் சேத்து வாங்கிட்டேன்."

"தங்கமலையப் பாக்கவா?"

"அவன் கெடக்கான்! இவனுக்காகத்தான்யா போறேன்."

"அப்ப யாருக்கா ஸ்டாரு?"

பெரியக்கா அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "டிவியப் பாருய்யா" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் தங்கமலையின் கண்ணில் பொடியைத் தூவினீர்கள். சிரிப்பு அப்படியே நின்று, "ஏய், பின்னால பாரு! பின்னால பாருய்யா!" என்று டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். எல்லோரையும்விட என் குரல்தான் மேலே கேட்டது. அப்போதுதான் கோபம் எங்கே போனது என்று தேடினேன். இருந்தது. ஆனால் அது உங்கள் மேல் இல்லை, கருந்தேள் மேல்.

அப்பா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "போஸ்டர்ல இருக்கானே அந்தப் படுபாவி, என் தம்பிதான்" என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொல்கிறார். நேற்று ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர் நம் கூடத்துக்கு வந்து சோப்புத் தூளைக் குறைத்து அளந்தார். முன்பென்றால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "சார், இன்னும் ஒரு கரண்டி போடுங்க" என்றேன். ரோலர் ஓடிக்கொண்டிருந்தது, இருந்தாலும் கடைசி மேசைவரை கேட்டதாம்.

தங்கமலைக்கு என் வணக்கம். அவரை நன்றாக அடியுங்கள், ஆனால் தாடைப் பக்கம் வேண்டாம்.

ஜனவரியில் எங்கள் ஊருக்கு மறுபடி வருகிறீர்கள் என்று போட்டிருக்கிறது. இந்தத் தடவை இரவில் யாரும் பார்க்காமல் பின்கதவு வழியாக வீட்டுக்கு வாருங்கள். அம்மா சமைத்துவைப்பார், நான் பரிமாறுவேன். உப்புச் சரியாகத்தான் இருக்கும்.

அரங்கத்துக்கும் வருவேன். அங்கே என்னிடம் மரியாதை எதிர்பார்க்காதீர்கள்.

என்றும் அன்புள்ள,
உங்கள் அண்ணன் மகள்